தள்ளாடிய செயற்கைக்கோளின் சாட்சி

2014 மார்ச் 8, அதிகாலை 2.39. காணாமல்போன விமானத்துக்குத் தரையிலிருந்து செயற்கைக்கோள் வழியாக ஒரு தொலைபேசி அழைப்பு போகிறது. யாரும் எடுக்கவில்லை. காலை 7.13-க்கு மறுபடி ஒன்று. அதையும் எடுக்கவில்லை. நம் பேச்சில் சொன்னால் இரண்டு மிஸ்டு கால். ஆனால் அந்த விமானம் எந்தப் பக்கம் போனது என்று உலகம் கண்டுபிடித்ததில் இந்த இரண்டு மிஸ்டு கால்களுக்கும் பங்கு உண்டு.

மலேசியன் ஏர்லைன்ஸின் எம்.எச்.370, போயிங் 777 ரகம். 227 பயணிகள், 12 ஊழியர்கள். நள்ளிரவு தாண்டி 12.42-க்குக் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்குக்குக் கிளம்பியது. 1.19-க்கு விமானி அறையிலிருந்து "குட் நைட்" வந்தது. இரண்டே நிமிடத்தில், தென்சீனக் கடலுக்கு மேலே, தன்னை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் நின்றுபோனது. பிறகு விமானம் திரும்பி, மலேசியத் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து, பினாங்கு பக்கமாக மலாக்கா நீரிணைக்குள் போனதை ராணுவ ரேடார் பதிவு செய்திருந்தது. 2.22-க்கு அதுவும் முடிந்தது. இவ்வளவுக்கும் முதல் ஒரு வாரம் தென்சீனக் கடலையும் விடாமல் அலசிக்கொண்டிருந்தார்கள்.

ரேடார் தவறவிட்ட மூன்றாவது நிமிடம், 2.25-க்கு, ஒரு விசித்திரம். அதுவரை இணைப்பில்லாமல் கிடந்த விமானத்தின் செயற்கைக்கோள் கருவி தானாக உயிர்பெற்று, இந்தியப் பெருங்கடலுக்கு மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கும் இன்மார்சாட் செயற்கைக்கோளுக்கு வணக்கம் சொன்னது. செயற்கைக்கோள் வழியே இந்தக் கருவிகளோடு பேசும் தரைநிலையம் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இருக்கிறது. ஒரு மணி நேரம் சத்தமே இல்லையென்றால் நிலையம் "இருக்கியா?" என்று கேட்கும். கருவி "இருக்கேன்" என்று சொல்லும். அவ்வளவுதான். எங்கே இருக்கிறேன், எந்த உயரத்தில் பறக்கிறேன் என்பதெல்லாம் அதில் கிடையாது. 2.25-இன் வணக்கத்தையும் சேர்த்து 8.19 வரை இப்படி ஏழு கைகுலுக்கல்கள்.

அந்த "இருக்கேன்" எவ்வளவு நேரங்கழித்து வந்தது என்பதையும் நிலையம் மைக்ரோ வினாடிக் கணக்கில் குறித்துவைத்திருந்தது. 2009-இல் ஏர் பிரான்ஸ் விமானம் ஒன்று அட்லாண்டிக்கில் விழுந்த பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று சேர்த்த பதிவு அது. ரேடியோ அலை வினாடிக்கு 3 லட்சம் கி.மீ. போகும். தாமதம் தெரிந்தால் செயற்கைக்கோளிலிருந்து விமானம் எவ்வளவு தூரம் என்பது தெரிந்துவிடும். ஆணியில் நூலைக் கட்டி, மறுமுனையில் சாக்பீஸைக் கட்டிச் சுற்றினால் வட்டம் வருமே, அதே கதைதான். விமானம் அந்த வட்டத்தின் மேல் எங்கோ இருந்தது. ஏழு முறைக்கு ஏழு வட்டம். அவற்றில் விமானம் போயிருக்கக்கூடிய பகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டால் வில் போன்ற கோடுகள் மிஞ்சும். ஆனால் வடக்கே மத்திய ஆசியா பக்கமா, தெற்கே ஆளில்லாப் பெருங்கடல் பக்கமா என்று நூலுக்குத் தெரியாது.

அதைச் சொன்னது ஒரு குறைபாடு. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

நெருங்கி வரும் ரயிலின் ஊதல் கீச்சென்றும், விலகும்போது கம்மியும் கேட்கிறதல்லவா? ரேடியோ அலைக்கும் அப்படித்தான். அதனால் விமானக் கருவி தன் வேகத்தைக் கணக்கிட்டு, அலைவரிசையைத் திருத்தித்தான் அனுப்பும். திருத்தம் கச்சிதமாக அமைந்திருந்தால் மிச்சமும் இருக்காது, தடயமும் இருக்காது. கருவி செயற்கைக்கோளைப் பூமத்திய ரேகைக்கு மேலே ஆடாமல் அசையாமல் நிற்பதாக நினைத்துக் கணக்குப் போட்டது. உண்மையில் அது 1996-இல் ஏவிய கிழட்டுச் செயற்கைக்கோள். எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்ததால் பாதை ஒன்றரை டிகிரிக்கு மேல் சாய்ந்து, நாள்தோறும் வடக்கும் தெற்குமாக ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆட்டத்தால் திருத்தம் பிசகியது. பிசகிய அளவு வடக்கே போன விமானத்துக்கு ஒரு மாதிரி, தெற்கே போனதற்கு வேறு மாதிரி. மற்ற விமானங்களின் பதிவுகளை வைத்தும் சரிபார்த்தார்கள். எம்.எச்.370-இன் எண்கள் தெற்கோடுதான் பொருந்தின. யாரும் எடுக்காத அந்த இரண்டு அழைப்புகளும் இதே வகை எண்களை விட்டுச் சென்றிருந்தன. மார்ச் 24 அன்று மலேசியப் பிரதமர் நஜீப் ரசாக், பயணம் தெற்கு இந்தியப் பெருங்கடலில் முடிந்தது என்று அறிவித்தார்.

கடைசிக் கைகுலுக்கல் 8.19. நிலையம் கேட்காமலே விமானக் கருவி தானாகக் கூப்பிட்டது. எரிபொருள் தீர்ந்து, இன்ஜின்கள் அணைந்து, மின்சாரம் போய்த் திரும்பியதால் கருவி மறுபடி தொடங்கியிருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். 8 வினாடி இடைவெளியில் வந்த இரண்டு சமிக்ஞைகளின் அலைவரிசை, விமானம் வேகமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்ததைக் காட்டியது. 9.15-க்கு நிலையம் கூப்பிட்டபோது பதில் இல்லை.

ஏழாவது வில்லை ஒட்டி 1,20,000 சதுர கி.மீ. கடலடியைச் சோனார் வைத்துத் தேடி, 2017 ஜனவரியில் நிறுத்தினார்கள். 19-ஆம் நூற்றாண்டில் மூழ்கிய கப்பல்கள்கூடக் கண்ணில் பட்டன. விமானம் படவில்லை.

ஆனால் 2015 ஜூலையில் ரீயூனியன் தீவின் சேன்ட் ஆந்த்ரே கடற்கரையில், கொட்டலசு ஒட்டி வளர்ந்த இறக்கைப் பாகம் ஒன்று ஒதுங்கியது. கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன தமிழர்களின் வாரிசுகள் நிறைந்த ஊர் அது. கரையைச் சுத்தம் செய்தவர்கள் கண்ணில் அது பட்டது. எம்.எச்.370-இன் பாகம்தான் என்று உறுதியானது. பிறகு தான்சானியாவிலும் மொரீஷியஸிலும் கிடைத்த பாகங்களும் அப்படியே. கணக்குக் காட்டிய கடலில் விழுந்த பொருள், நீரோட்டத்தில் மேற்கே போய்ச் சேரக்கூடிய கரைகள்தாம் இவை.

விமானத்தை யார் திருப்பினார்கள், ஏன் என்பதற்கு அந்தப் பதிவில் ஒரு எண்கூட இல்லை. மலேசியாவின் 2018 அறிக்கையும் காரணத்தைத் தீர்மானிக்க முடியவில்லை என்றே சொன்னது. அதனால் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டும் கோட்பாடுகளை நான் பெரிதாக மதிப்பதில்லை.

2025 மார்ச்சில், கடலடியில் தேடும் ஓஷன் இன்ஃபினிட்டி நிறுவனத்துடன் மலேசிய அரசு புதிய ஒப்பந்தம் போட்டது. தேட வேண்டிய புதிய பரப்பு 15,000 சதுர கி.மீ. கண்டுபிடித்தால் 7 கோடி டாலர். இல்லையென்றால் ஒரு காசும் கிடையாது.