குறட்டையும் பல் மருத்துவரும்

ஓர் ஆலய ஆண்டு மலரில் குறட்டையைப் பற்றிக் கட்டுரையா என்று அன்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். நம் வீடுகளில் குறட்டை நெடுங்காலமாகவே நகைப்புக்குரிய பொருளாகத்தான் இருந்து வருகிறது. கும்பகருணனை உவமை சொல்லிச் சிரிப்போம். "அப்பா ரயில் ஓட்டுகிறார்" என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். பாட்டியோ, "அசந்து தூங்குகிறான், எழுப்பாதே" என்பார். குறட்டை நல்ல உறக்கத்தின் அடையாளம் என்னும் எண்ணம் நம்மவரிடையே அவ்வளவு ஆழமாக ஊன்றியிருக்கிறது. அவ்வெண்ணம் தவறு. குறட்டை விடுவோர் எல்லாரும் நோயாளிகள் அல்லர் என்பது உண்மைதான். ஆயினும் அவர்களுள் ஒரு பகுதியினருக்கு இரவில் மூச்சே நின்று நின்று வருகிறது. அந்நோய்க்குரிய சிகிச்சையில் பல் மருத்துவருக்கும் ஒரு பங்கு உண்டு என்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும் என்பதால் இதனை எழுத முற்பட்டேன்.

முதலில் குறட்டை எவ்வாறு எழுகிறது என்று பார்ப்போம். நம் தொண்டையின் மேற்பகுதி, தசையாலான மென்மையான குழாய். விழித்திருக்கும்போது சுற்றியுள்ள தசைகள் அதனைத் திறந்து வைத்திருக்கின்றன. உறங்கும்போது அவை தளர்ந்துவிடுகின்றன. மல்லாந்து படுத்தால் நாக்கின் அடிப்பகுதி பின்னோக்கிச் சரிகிறது. அண்ணத்தின் பின்புறமுள்ள மென்சதையும் தொங்குகிறது. குறுகிய வழியில் காற்று உரசிக்கொண்டு போகும்போது தளர்ந்த சதை அதிர்கிறது. அந்த ஒலியே குறட்டை. வழி முற்றிலும் அடைபட்டால் ஒலியும் இல்லை, காற்றும் இல்லை. காகிதக் குழலால் இளநீர் குடித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். குழல் நனைந்து தளர்ந்தபின் வேகமாக உறிஞ்சினால் அதன் இரு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். மேலும் உறிஞ்ச உறிஞ்ச இன்னும் இறுகும்.

இப்படிக் காற்று 10 விநாடியோ அதற்கு மேலோ நின்றுபோவதைத்தான் மருத்துவர்கள் 'ஸ்லீப் அப்னியா' என்கிறார்கள். உறக்க மூச்சுத்தடை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை பதறி உடலைப் பாதி எழுப்புகிறது. ஒரு பெரும் திணறலோடு மூச்சு திரும்புகிறது. மனிதர் மீண்டும் உறங்கிவிடுகிறார். காலையில் அவருக்கு எதுவும் நினைவில் இராது. மூச்சு முழுதும் நிற்பதையும் வெகுவாகக் குறைவதையும் சேர்த்து மணிக்கு எத்தனை முறை என்று எண்ணுவார்கள். 5 முதல் 15 வரை இலேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. மணிக்கு 30 என்றால் இரண்டு நிமிடத்திற்கு ஒரு முறை மூச்சுத் தடைபடுகிறது என்று பொருள். பகலெல்லாம் தூக்கக் கலக்கம், காலைத் தலைவலி, உலர்ந்த வாய், இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுதல் ஆகியவை இதன் அறிகுறிகள். உயர் இரத்த அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, பக்கவாதம் ஆகியவற்றோடும் இந்நோய்க்குத் தொடர்பு உண்டு.

இது நமக்கு வராது என்று எண்ண வேண்டாம். சிங்கப்பூரில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகிய மூவினத்தாரிடமும் நடத்திய ஓர் ஆய்வு 2016ஆம் ஆண்டு வெளிவந்தது. சோதிக்கப்பட்ட பெரியவர்களில் ஏறக்குறைய 10இல் 3 பேருக்கு நடுத்தர அல்லது கடுமையான மூச்சுத்தடை இருந்தது. அவர்களில் 10இல் 9 பேர் அதுவரை தங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதையே அறியாதவர்கள். பருமனானவர்களுக்குத்தான் இது வரும் என்பதும் முழு உண்மை அன்று. கீழ்த்தாடை சிறியதாகவோ பின்னடங்கியோ இருந்தால், ஒல்லியானவருக்கும் நாக்குக்கு இடம் போதாமல் போகும்.

தாடை என்றதும் பல் மருத்துவர் உள்ளே வந்துவிடுகிறார். பள்ளியில் முதலுதவிப் பயிற்சி பெற்றவர்களுக்கு இது நினைவிருக்கும். மயங்கிக் கிடப்பவரின் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மோவாயை மேலே தூக்க வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்போம். ஏன்? நாக்கின் பெருந்தசை கீழ்த்தாடை எலும்பின் உட்புறத்தில், முன்பற்களுக்குக் கீழே பற்றியிருக்கிறது. தாடை முன்னே வந்தால் நாக்கும் முன்னே வரும், தொண்டை திறக்கும். அந்த வேலையை இரவு முழுவதும் செய்யும் ஒரு சாதனத்தைப் பல்லில் பொருத்தினால் என்ன என்பதே கருத்து. பிரான்ஸ் நாட்டு வாய் மருத்துவர் பியர் ரோபின் 1902ஆம் ஆண்டிலேயே தாடையை முன்நகர்த்தும் கருவி ஒன்றைப் பற்றி எழுதினார். பின்னர் 1923இல், சிறு தாடையுடன் பிறந்த குழந்தைகளுக்கு நாக்குப் பின்சரிந்து மூச்சடைப்பதை விளக்கினார்.

ஆனால் இன்று மருத்துவர்கள் முதலில் பரிந்துரைப்பது பெரும்பாலும் 'சீ-பேப்' என்னும் காற்றழுத்தக் கருவியைத்தான். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் மருத்துவர் காலின் சலிவன் குழுவினர் 1981இல் இதனை உலகிற்கு அறிவித்தனர். மூக்கில் கவசம் மாட்டி, மெல்லிய அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்தே வைத்திருப்பது இதன் முறை. மூச்சுத்தடையை நிறுத்துவதில் இதற்கு நிகர் வேறில்லை. தொல்லை என்னவென்றால், இரவுதோறும் அதனை மாட்டிக்கொள்ளப் பலரால் முடிவதில்லை.

என் தங்கையின் கணவரையே சொல்கிறேன். வேன் ஓட்டுநர், வயது ஐம்பதைத் தாண்டியவர். போக்குவரத்து விளக்கில் நிற்கும்போதே கண்ணயர்ந்து, பின்னால் வந்தவர் ஹாரன் அடித்து எழுப்பியது இரண்டு முறை நடந்தது. ஒருநாள் தங்கை என்னிடம், "அண்ணே, இவர் குறட்டை விட்டால் எனக்குப் பயமில்லை. சத்தம் நின்றால்தான் பயம். எப்போது மூச்சுத் திரும்பும் என்று எண்ணிக்கொண்டே படுத்திருக்கிறேன்" என்றாள். பலதுறை மருந்தகத்தின் கடிதத்தோடு மருத்துவமனைக்குச் சென்று ஓர் இரவு உறக்கச் சோதனை செய்தோம். மணிக்கு 27. கருவி வாங்கினார். ஒரு மாதம் போயிருக்கும், கருவி அலமாரிக்குள் இருந்தது. "மச்சான், அதை மாட்டிக்கொண்டு படுத்தால் தண்ணீருக்குள் அமுங்கியவன் மாதிரி இருக்கிறது" என்றார். அவரைக் கடிந்து பயனில்லை. அலமாரியில் இருக்கும் கருவி யாருக்கும் மூச்சுக் கொடுக்காது; அதே சமயம் மறுநாள் காலை அவர் வேனை எடுத்தாக வேண்டும். உறக்க மருத்துவரிடம் திரும்பிப் போய் இதை ஒளிக்காமல் சொன்னபோது, அவரே பல் மருத்துவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

பல் மருத்துவர் முதலில் செய்தது, பற்களையும் ஈறுகளையும் தாடை மூட்டையும் நன்கு சோதித்ததுதான். கருவி பற்களைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். ஆகவே மேலும் கீழும் உறுதியான பற்கள் போதிய அளவு இருக்க வேண்டும். ஈறு நோய் இருந்தால் அதனை முதலில் தீர்க்க வேண்டும். பிறகு பல் அச்சு எடுத்து, மேற்பற்களுக்கு ஒன்றும் கீழ்ப்பற்களுக்கு ஒன்றுமாக இரு தகடுகள் செய்து, அவை ஒன்றோடொன்று இணைந்து கீழ்த்தாடையை முன்னே நிறுத்தும்படி அமைத்தார்கள். தாடையை எவ்வளவு முன்னே நீட்ட முடியுமோ அதில் பாதி முதல் முக்கால் பங்கு வரை கொண்டு செல்வது வழக்கம். எடுத்த எடுப்பில் அவ்வளவும் நகர்த்திவிட மாட்டார்கள். வாரக் கணக்கில், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகச் சிறிது சிறிதாகத் திருகி நகர்த்துவார்கள். பொறுமை வேண்டிய வேலை. முதல் சில நாட்கள் எச்சில் மிகுதியாக ஊறும், அல்லது வாய் உலரும். காலையில் தாடை வலிக்கும், பற்கள் சரியாகக் கடிபடாதது போல் இருக்கும். இவற்றில் பெரும்பாலானவை நாளடைவில் குறையும். ஆண்டுக் கணக்கில் அணிவோருக்குப் பற்கள் சற்று இடம்பெயர்ந்து கடிவாய் மாறுவதும் உண்டு. ஆகவேதான் பல் மருத்துவரின் கண்காணிப்பு இல்லாமல் இதனை அணியக் கூடாது என்கிறார்கள்.

இரண்டில் எது மேல் என்று கேட்பீர்கள். சிட்னியில் 100க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு இரண்டையும் ஒவ்வொரு மாதம் கொடுத்துப் பார்த்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். காற்றழுத்தக் கருவியால் மணிக்கு வரும் தடைகள் ஏறத்தாழ 4 அல்லது 5 ஆகக் குறைந்தன. வாய்க்கருவியால் 11 வரைதான் குறைந்தன. ஆனால் நோயாளிகள் முன்னதை இரவில் சராசரி 5 மணி நேரம் அணிந்தார்கள், பின்னதை ஆறரை மணி நேரம் அணிந்தார்கள். இரத்த அழுத்தம் முதலியவற்றைப் பார்த்தபோது இரண்டும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்திருந்தன. கணக்கு வாத்தியாராக இருந்த எனக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்க உறக்க மருத்துவர் சங்கமும் பல் உறக்க மருத்துவச் சங்கமும் 2015இல் கூட்டாக வெளியிட்ட வழிகாட்டியும் இவ்வாறே சொல்கிறது. நோயில்லாத வெறும் குறட்டைக்கும், காற்றழுத்தக் கருவியைத் தாங்க முடியாத அல்லது விரும்பாத மூச்சுத்தடை நோயாளிகளுக்கும் வாய்க்கருவி தரலாம்; அதுவும் அவரவர் வாய்க்கென்றே செய்ததாக, நகர்த்தக்கூடியதாக இருக்க வேண்டும். கடுமையான நோயுள்ளவர்கள் முதலில் காற்றழுத்தக் கருவியையே முயன்று பார்க்க வேண்டும். மூளையிலிருந்து மூச்சுக் கட்டளை வராமல் நிற்கும் வேறொரு வகை உண்டு. அதற்கு வாய்க்கருவி பயன்படாது.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். வெந்நீரில் போட்டு இளக்கி, கடித்துப் பொருத்திக்கொள்ளும் மலிவுக் கருவிகள் கடைகளிலும் இணையத்திலும் விற்கின்றன. அவற்றால் சிலருக்கு ஒலி குறைகிறது. மனைவியும் நிம்மதியாக உறங்குகிறார். ஆனால் ஒலி குறைந்தும் மூச்சு நின்றுகொண்டே இருக்கலாம். வீட்டாருக்கு இருந்த ஒரே எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்தது போல் ஆகிவிடும். அதனால்தான் உறக்கச் சோதனை கருவிக்கு முன்னும் வேண்டும், கருவி பொருந்தி நிலைத்த பின்னும் வேண்டும். நோயைக் கண்டறிந்து சொல்வது மருத்துவரின் பணி. கருவி செய்து கவனிப்பது பல் மருத்துவரின் பணி. சோதனை எதுவும் கேட்காமல் நேரே பல் அச்சு எடுக்க முற்படுபவர் யாராயினும், நான் எழுந்து வந்துவிடுவேன். என் மைத்துனருக்கு மூன்று மாதம் கழித்து மறுசோதனையில் 8 என்று வந்தது. அதன் பிறகே தங்கை அவரை நெடுந்தூர வேலைக்குப் போக விட்டாள்.

நோய் இருக்கலாம் என்று முதலில் ஐயுறுவதும் சில வேளை பல் மருத்துவராகவே இருக்கக்கூடும். மருத்துவரிடம் நோய் வந்தால்தான் போகிறோம். பல் மருத்துவரிடம் பலர் ஒழுங்காகப் போகிறார்கள். தேய்ந்த பற்கள், நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த தழும்பு, ஒடுங்கிய அண்ணம், பின்னடங்கிய தாடை எல்லாம் அவர் கண்ணில் படும். வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொன்னால் தொண்டை எவ்வளவு தெரிகிறது என்பதை நான்கு படிகளாகப் பிரிப்பார்கள். ஆந்திராவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மயக்க மருத்துவர் மல்லம்பட்டி 1985இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த முறை அது. உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2017இல், வரும் நோயாளிகளிடம் உறக்க மூச்சுக் கோளாறு பற்றிக் கேட்டறியுமாறு தன் உறுப்பினர்களை ஊக்குவித்தது. நம் பல் மருத்துவர் கேட்காவிட்டால் நாமே சொல்லிவிடலாம். பேரப்பிள்ளைகள் வாயைத் திறந்தபடி குறட்டை விட்டால் அதையும் சொல்லுங்கள். சிறுவர்களுக்குப் பெரும்பாலும் மூக்கடிச் சதையும் தொண்டைச் சதையும் வீங்கியிருப்பதே காரணம். அதற்கு வழி வேறு.

பல் கட்டியிருக்கும் பெரியவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. பல்லைப் பிடிக்காமல், சிறு குமிழ் ஒன்றால் நாக்கின் நுனியை மட்டும் முன்னே இழுத்து வைத்திருக்கும் கருவி ஒன்றைப் பற்றி 1982ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் எழுதினார்கள். அணிவது சற்றுச் சிரமந்தான். தாடை எலும்பையே அறுத்து ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் முன்னே பொருத்தும் அறுவைச் சிகிச்சையும் இருக்கிறது. அது பெரிய காரியம், எல்லாருக்கும் உரியதன்று. உடல் எடையைக் குறைப்பதும், படுக்கப் போகுமுன் மது அருந்தாமல் இருப்பதும், ஒருக்களித்துப் படுப்பதும் எந்தச் சிகிச்சைக்கும் துணை நிற்கும்.

வாய்க்கருவி வாங்கியவர்கள் காலையில் அதனைக் குளிர்ந்த நீரில் மென்மையான தூரிகையால் கழுவ வேண்டும். வெந்நீர் பட்டால் வளைந்துவிடும். முதல் ஆண்டில் ஆறு மாதத்திற்கு ஒரு முறையும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் பல் மருத்துவரிடம் காட்டுவது நலம். புதிதாகப் பல் அடைக்கவோ பிடுங்கவோ நேர்ந்தால், கருவியையும் உடன் எடுத்துச் சென்று பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எந்த அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்ந்தாலும், மயக்க மருந்து கொடுப்பவரிடம் உங்களுக்கு உறக்க மூச்சுத்தடை இருப்பதை அவர் கேட்குமுன்பே சொல்லிவிடுங்கள். கருவியை மாற்றுத் துணியோடு பையில் வைத்துக்கொள்ளுங்கள்.