வண்டி ஓட்டும் வயதை உயர்த்த வேண்டுமா?



பத்தாம் வகுப்பு முடித்து நாம் பாலிடெக்னிக்கில் சேரும்போது பெரும்பாலோருக்கு வயது பதினைந்து, பதினாறு. வெளியே போகும்போது பதினெட்டு. ஆக, வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்காத வயதில்தான் நம் படிப்பின் பெரும்பகுதி கழிகிறது. ஆனாலும் எதிர்ப்புறம் புளியமரத்தடியில் தினமும் எத்தனை வண்டிகள் நிற்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். உள்ளே கொண்டு வந்தால் லைசென்ஸ் கேட்பார்கள் என்றுதானே அங்கே நிற்கின்றன!

"சின்னப் பசங்களாலதான் விபத்து. ஓட்டுற வயசை 21 ஆக்கணும்" என்று பெரியவர்கள் சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது. கோபத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு ஆராய்வோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 4-வது பிரிவுப்படி, பொது இடத்தில் மோட்டார் வாகனம் ஓட்ட 18 வயது நிரம்ப வேண்டும். லாரி, பஸ் போன்றவற்றுக்கு 20. எஞ்சின் 50 சி.சி.க்கு மேற்படாத இருசக்கர வண்டிக்கு மட்டும் 16 போதும். அதற்கும் லைசென்ஸ் வேண்டும்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். "மொபெட்தானே, கியர் கிடையாதே!" என்கிறோம். கியர் கணக்கில்லை, சி.சி.தான் கணக்கு. 1980-இல் வந்த டி.வி.எஸ். 50 அந்த வரம்புக்குள் அடங்கியது. இன்று ஊரெல்லாம் ஓடும் எக்ஸ்.எல். 100-இன் எஞ்சின் 99.7 சி.சி. ஸ்கூட்டர்களோ 110, 125 சி.சி. ஆகவே பதினாறு வயதுச் சலுகை ஏட்டில் இருக்கிறது, ரோட்டில் இல்லை.

என் அனுபவம்

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். எங்கள் ஊருக்குக் காலையில் ஒரே பஸ். அதை விட்டால் முதல் பீரியட் போச்சு. அதனால் அப்பா கடன் வாங்கி ஒரு பழைய மொபெட் வாங்கினார். எனக்கு அப்போது பதினாறரை வயது.

"லைசென்ஸ் ஏதும் வேணுமாடா?" என்று கேட்டார்.

"இதுக்கெல்லாம் வேண்டாம்ப்பா" என்றேன்.

படிக்கிற பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சாவியைக் கொடுத்துவிட்டார். நானோ எதையும் படித்துப் பார்த்துச் சொல்லவில்லை.

நாலாவது மாதம். பின்னால் இரண்டு நண்பர்கள், பேச்சும் சிரிப்பும். வளைவில் கீரைக்கூடையோடு வந்த பாட்டி மீது மோதிவிட்டேன். அவர் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. பாட்டி வீட்டார் பெரிய மனசு பண்ணி, கேஸ் வேண்டாம் என்றார்கள். வைத்தியச் செலவுக்கு அப்பா கறவை மாட்டை விற்றார். என்னைத் திட்டவில்லை. ஒருநாள் மட்டும் கேட்டார்: "வேண்டாம்னு நீதானே சொன்ன?"

பிறகுதான் நூலகத்தில் உட்கார்ந்து சட்டத்தைப் படித்தேன். 2019-இல் சேர்த்த 199-ஏ பிரிவின்படி, 18 வயது நிரம்பாதவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளரே குற்றவாளியாகக் கருதப்படுவார். 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. ஓட்டியவருக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியிருந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்குக் கொடுத்த நஷ்டஈட்டை உரிமையாளரிடமே வசூலிக்கவும் இடமுண்டு. ஆர்.சி.யில் இருந்தது அப்பாவின் பெயர்.

வயதா, பழக்கமா?

வயதில் விஷயம் இல்லாமல் இல்லை. ஆபத்தை எடைபோட்டு நம்மைக் கட்டுப்படுத்தும் மூளையின் முன்பகுதி, இருபது வயதைத் தாண்டிய பிறகும் வளர்கிறது. கூட நண்பர்கள் இருந்தால் துணிச்சல் இன்னும் கூடுகிறது.

ஆனால் 40 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி நம் வயதைக் கேட்பதில்லை. பிரேக்கை மிதிக்க மூளைக்கு ஒரு வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் 11 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்து நிற்க, நல்ல ரோட்டிலும் சுமார் 12 மீட்டர். மொத்தம் 23. இதுவே 60 கி.மீ. வேகமானால் 17-ம் 28-ம் சேர்ந்து 45 மீட்டர்! வேகம் ஒன்றரை மடங்கு கூடினால் நிற்கும் தூரம் ஏறக்குறைய இரு மடங்காகிறது. முதல் வருடம் நாம் படித்த இயக்க ஆற்றல் சூத்திரம்தான் இது. இருபத்தொரு வயதில் முதன்முதலாக வண்டியைத் தொடுபவருக்கும் இந்தக் கணக்கு கைப்பழக்கமாக வராது.

நியூசிலாந்து 1987-இல் ஒரு வழி கண்டது. லைசென்ஸை ஒரேயடியாகக் கொடுக்காமல் படிப்படியாகக் கொடுத்தார்கள். முதலில் கூட ஒருவர் இருந்து கற்பிக்க வேண்டும். அடுத்த படியில் தனியாக ஓட்டலாம். ஆனால் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை கூடாது, நண்பர்களை ஏற்றக் கூடாது. இதைத் தேறினால்தான் முழு லைசென்ஸ். 2011-இல் கற்கத் தொடங்கும் வயதையும் 15-இலிருந்து 16 ஆக்கினார்கள்.

முடிவாக

18-ஐயே மதிக்காத ஊரில் 21 என்று எழுதினால், மரத்தடியில் இன்னும் மூன்று வயதுக்காரர்களின் வண்டிகள் கூடுதலாக நிற்கும். அவ்வளவுதான். என் கருத்து இதுதான்: வயது 18 ஆகவே இருக்கட்டும். முதல் ஓராண்டு பின்னால் ஆள் ஏற்றவும் இரவில் ஓட்டவும் தடை வேண்டும். காலேஜ் நேரத்துக்கு இன்னொரு பஸ் வேண்டும். அந்த பஸ் இருந்திருந்தால் அப்பா கடன் வாங்கியிருக்க மாட்டார்.

நம் வீடுகளில் படிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் நாம்தான். நாம் "வேண்டாம்" என்றால் வேண்டாம், "சரி" என்றால் சரி. ஆகவே இந்த மலரை வீட்டுக்குக் கொண்டுபோய், 4-வது பிரிவையும் 199-ஏ பிரிவையும் பெற்றோருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

எனக்கு இப்போது பதினெட்டு. எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கிவிட்டேன். பாட்டி இன்றும் கீரை விற்கிறார். கூடையை இப்போது இடது கையில்தான் பிடிக்கிறார். அந்த வளைவு வந்தால் நான் மெதுவாகத்தான் போகிறேன்.

பொறுமையாக ஓட்டுவோம்! பத்திரமாக வீடு சேர்வோம்!

— மூன்றாம் ஆண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு