வாக்குச்சாவடி எல்லைக்குள் ஓர் ஆய்வு

திருவனந்தபுரத்தின் தம்பானூர் ரயில் நிலையத்திலிருந்து தெற்கே நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், கன்னியாகுமரி மாவட்டத்தை ஒட்டி அமைந்துள்ள நெய்யாற்றின்கரை வட்டத்தில், மக்களின் பங்கேற்போடு நடத்தப்பட்ட கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டம், குறைந்த வருவாயுள்ள பகுதிகளில் பொதுநல ஆராய்ச்சி எவ்வாறு அமைய வேண்டும் என்பதைப் பற்றி ஆழமாகச் சிந்திக்க வைக்கிறது. திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த அச்சுத மேனன் மையத்தின் ஆய்வாளர்கள், ஆஸ்திரேலிய ஆய்வாளர்களுடன் இணைந்து இதை மேற்கொண்டனர்.

கேரளத்தில் வயதுவந்தோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு உள்ளது. மருந்தும் பரிசோதனையும் வாழ்நாள் முழுவதும் தேவைப்படும் இந்நோய், அன்றாடக் கூலியை நம்பியுள்ள குடும்பத்தின் வருமானத்தைத் தொடர்ந்து அரிப்பதால், நோயைத் தடுப்பது மருத்துவப் பணியாக இருப்பதோடு வறுமை ஒழிப்புப் பணியாகவும் ஆகிறது.

ஆய்வாளர்கள் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளைத் தேர்ந்தெடுத்தனர். வாக்காளர் பட்டியலில் வீடும் வயதும் முன்பே பதிவாகியிருப்பதும், ஒரு சாவடிக்குரிய மக்கள் நடந்து சென்று கூடக்கூடிய தூரத்தில் வசிப்பதும் இத்தகைய ஆய்வுக்குப் பெரிதும் உதவுகின்றன. இப்பகுதிகளில் 30 முதல் 60 வயது வரையுள்ளோரிடம், சென்னையில் மருத்துவர் வி. மோகனின் குழுவினர் உருவாக்கிய இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் கணக்கிடப்பட்டது. வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நோய் இருந்ததா என்ற நான்கை மட்டும் கொண்டு 100க்கு மதிப்பிடும் இம்முறைக்கு, ஓர் அளவு நாடாவும் சில கேள்விகளும் போதும். 60 அல்லது அதற்கு மேல் பெற்றும், குளுக்கோஸ் கரைசலைக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துச் செய்யும் இரத்தப் பரிசோதனையில் நீரிழிவு இல்லை என உறுதியான 1,007 பேர் சேர்க்கப்பட்டனர்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. ஒரே தெருவில் ஒருவருக்குப் பயிற்சியும் அடுத்த வீட்டாருக்குக் கையேடும் கொடுத்தால், இருவரும் பேசிக்கொள்வதாலேயே ஒப்பீடு சிதைந்துவிடும். ஆகவே தனிமனிதரைப் பிரிக்காமல் வாக்குச்சாவடிப் பகுதிகளையே குலுக்கல் முறையில் இரு பிரிவுகளாக்கினர். இதுவே தொகுதிவாரிச் சமவாய்ப்பு ஆய்வு எனப்படுகிறது. ஒரு பிரிவினர் ஓராண்டில் 15 குழுக்கூட்டங்களில் பங்கேற்றனர். அவற்றுள் 12 கூட்டங்களை நடத்தியவர்கள், மருத்துவப் படிப்பு ஏதுமின்றி, பயிற்சி பெற்ற உள்ளூர் மக்களே. மறுபிரிவினருக்கு வாழ்க்கைமுறை ஆலோசனைக் கையேடு மட்டும் அளிக்கப்பட்டது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, கையேடு பெற்ற பிரிவில் 17.1 விழுக்காட்டினருக்கும், கூட்டங்களில் பங்கேற்ற பிரிவில் 14.9 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு தோன்றியிருந்தது. இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கக்கூடிய அளவினது என்பதால், நோய்த் தடுப்பு நிரூபணமாகவில்லை என்பதை 2018இல் வெளியான கட்டுரை ஒளிக்காமல் பதிவு செய்தது. ஆயினும் கூட்டங்களில் பங்கேற்றோரிடம் மதுப்பழக்கம் கூடுதலாகக் குறைந்ததும், காய்கனி உண்பதும் உடலியக்கத் திறனும் கூடியதும் தெளிவாகத் தெரிந்தன. சென்னையில் ஏ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில் வாழ்க்கைமுறை மாற்றம் நோய் வாய்ப்பை 28.5 விழுக்காடு குறைத்தது. ஆனால் அது இரத்தச் சர்க்கரை ஏற்கெனவே உயரத் தொடங்கியவர்களை மட்டுமே எடுத்துக்கொண்டது. இவ்வேறுபாட்டை மறந்து இரு ஆய்வுகளின் எண்களையும் அருகருகே வைப்பது நியாயமன்று.

இம்முயற்சிக்கு ஒரு மரபு உண்டு. 1962இல் தொடங்கப்பட்ட மக்கள் அறிவியல் இயக்கமான கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், 1987இல் தன்னார்வலர்களைக் கொண்டு ஏறத்தாழ 10,000 கிராமப்புற வீடுகளில் நோய், வருமானம், வாழ்சூழல் ஆகியவற்றைக் கணக்கெடுத்தது. இறப்பு விகிதம் குறைந்த மாநிலத்திலும் ஏழை வீடுகளில் நோய்ச்சுமை மிகுந்திருப்பதை அக்கணக்கெடுப்பு காட்டியது. அதன் முடிவுகளை 1991இல் நூலாக எழுதிய நால்வரில் ஒருவரான கே. ஆர். தங்கப்பனே, நெய்யாற்றின்கரை ஆய்வுக்கட்டுரையின் முதல் ஆசிரியர். தகவல் திரட்டும் வேலையை 1987இல் ஏற்ற ஊர் மக்கள், பின்னர் சிகிச்சைக்கு இணையான பணியையே நடத்தும் நிலைக்கு வந்தனர். இரத்தப் பரிசோதனை வழியே அபாயம் உறுதியானவர்களைத் தேர்ந்து, அதே உள்ளூர்க் குழுக்களை அவர்களிடம் சோதிப்பதே இனி செய்யத்தக்கது.