மாட்யூல் எங்கே போனது? வாழைக் கிடங்கின் வெப்பமானியும் பைத்தானும்

கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பச்சை வாழைக்கு 13 டிகிரி செல்சியஸ் ஓர் எல்லைக்கோடு. குளிர்பதன அறை அதற்குக் கீழே இறங்கி நின்றால் காயின் தோலுக்கடியில் பழுப்புக் கோடுகள் ஓடும். பழுக்கும்போது மஞ்சள் சரியாக ஏறாமல் மங்கிப்போகும். வெப்பம் கூடினால், லாரி போய்ச் சேருமுன்பே காய் பழுக்கத் தொடங்கும். அதனால் காயை 13 முதல் 14 டிகிரிக்குள் வைக்கிறார்கள். இத்தனை சிறிய இடைவெளியை இரவு பகலாகக் கவனிக்க மலிவான மின்னணு வெப்பமானி பேருதவி.

இதற்குப் பலரும் தேர்ந்தெடுப்பது டிஎஸ்18பி20 என்ற சென்சார். டல்லாஸ் செமிகண்டக்டர் நிறுவனம் உருவாக்கியது. மைனஸ் 55 முதல் 125 டிகிரி வரை அளக்கும். மைனஸ் 10 முதல் 85 வரை அரை டிகிரிக்குள் துல்லியம். ஒவ்வொரு சென்சாருக்கும் தனி 64 பிட் அடையாள எண் இருப்பதால், அறையின் நாலு மூலையில் வைத்த நாலு சென்சார்களும் ஒரே தரவுக் கம்பியில் பேசும். அந்தக் கம்பியை ராஸ்பெரி பை என்ற சிறு லினக்ஸ் கணினியில் இணைத்து, 4.7 கிலோ ஓம் மின்தடை ஒன்றைச் சேர்த்தால் வன்பொருள் தயார். அளவைப் படித்துச் சொல்ல, பைத்தான் நிரல்மொழியில் டபிள்யூ1தெர்ம்சென்சார் என்ற மாட்யூல், அதாவது நம் நிரலில் அழைத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுதி, இருக்கிறது.

நிரலை ஓட்டியதும் அந்த மாட்யூல் இல்லை என்று பிழைச்செய்தி வந்தால், பலர் முதலில் சென்சாரைக் கழற்றிப் பார்க்கிறார்கள். தேவையில்லை. இந்தப் பிழை வரும்போது நிரல் இன்னும் சென்சார் பக்கமே போகவில்லை. பைத்தான் தன் தேடல் பட்டியலில் உள்ள கோப்புறைகளை வரிசையாகப் பார்த்திருக்கிறது, அந்தப் பெயர் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். மாட்யூல் பட்டியலுக்கு வெளியே வட்டில் வேறெங்கு இருந்தாலும் பைத்தான் தேடாது.

முதலில் பெயரைச் சரிபாருங்கள். நிறுவும் பெயரும் நிரலில் அழைக்கும் பெயரும் எல்லா மாட்யூலுக்கும் ஒன்றல்ல. டிஎச்டி22 ஈரப்பத சென்சாருக்கு 'அடாஃப்ரூட் சர்க்யூட்பைத்தான் டிஎச்டி' என்ற பெயரில் நிறுவுகிறோம். நிரலில் 'அடாஃப்ரூட் டிஎச்டி' என்றே அழைக்கிறோம்.

பெயர் சரி என்றால், எந்தப் பைத்தானில் நிறுவினோம் என்று பாருங்கள். ஒரே கணினியில் பல பைத்தான்கள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனித் தேடல் பட்டியல். ஒன்றில் நிறுவிவிட்டு இன்னொன்றில் ஓட்டுவது, பக்கத்து மண்டியில் மூட்டையை இறக்கிவிட்டு நம் மண்டியில் தேடுவது போன்றது. சிக்கல் தரும் நிரலின் முதல் இரு வரிகளில் சிஸ் மாட்யூலை அழைத்து, அதன் எக்ஸிக்யூட்டபிள் மதிப்பை அச்சிடச் சொல்லுங்கள். ஓடுவது எந்தப் பைத்தான் என்று முழுப் பாதையோடு தெரிந்துவிடும். அந்தப் பாதையை முன்னால் எழுதி, '-எம் பிப் இன்ஸ்டால்' என்று தொடர்ந்து மாட்யூல் பெயரைக் கொடுத்தால், மாட்யூல் அதே பைத்தானுக்குள் போய்ச் சேரும்.

2023-இல் வந்த டெபியன் 12-இலும் அதன் வழிவந்த ராஸ்பெரி பை ஓஎஸ்ஸிலும் இந்தக் கட்டளை மறுக்கப்படலாம். இயங்குதளம் தன் சொந்த வேலைகளுக்கு நம்பியிருக்கும் பைத்தானைப் பயனர் கலைத்துவிடாமல் காக்கும் ஏற்பாடு அது. அதை மீறும் கட்டளை உண்டு, பயன்படுத்த வேண்டாம். வென்வ் என்ற பைத்தான் வசதியைக் கொண்டு, தனக்கென மாட்யூல்களை வைத்துக்கொள்ளும் தனிச் சூழல் ஒன்றை உருவாக்கி, அதற்குள் நிறுவுவதே சரியான வழி.

கையால் ஓட்டினால் வேலை செய்கிறது, கணினியை மறுபடி தொடங்கியதும் நிற்கிறது என்றால் பெரும்பாலும் காரணம், நிரல் வேறொரு பைத்தானில் ஓடுவதுதான். நிரல்களைத் தானாக ஓட்டும் கிரானும் சிஸ்டம்டியும் உங்கள் தனிச் சூழலை அறியா. நிர்வாகி உரிமை தரும் சுடோ கட்டளை போட்டு ஓட்டினாலும் இதே சிக்கல் வரும். மூன்றிலும் வென்வ் கோப்புறைக்குள் இருக்கும் பைத்தானின் முழுப் பாதையைக் குறிப்பிட வேண்டும்.

மாட்யூல் கிடைத்த பிறகும் சென்சார் இல்லை என்று வந்தால், அப்போதுதான் கம்பியைப் பார்க்க வேண்டும். ராஸ்பெரி பையின் கான்ஃபிக் கோப்பில், சென்சார்கள் ஒரே தரவுக் கம்பியில் பேசும் ஒன்-வயர் வசதியை இயக்கியிருந்தால், லினக்ஸ் கெர்னலே ஒவ்வொரு சென்சாருக்கும் 28 என்று தொடங்கும் கோப்புறையை உருவாக்கும். உள்ளேயிருக்கும் கோப்பில் 13250 என்று இருந்தால் 13.25 டிகிரி. இதைப் படிக்க எந்தக் கூடுதல் மாட்யூலும் வேண்டாம். 85000 என்று வந்தால் நம்பாதீர்கள். அது சென்சார் மின்சாரம் பெற்றதும் காட்டும் தொடக்க மதிப்பு, அளந்த வெப்பம் அல்ல.

இப்படிக் கருவி பொருத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வெப்பம் எல்லை தாண்டினால் மட்டும் எச்சரிக்கை அனுப்பும்படி நிரல் எழுதாதீர்கள். பத்து நிமிடம் அளவே வராவிட்டாலும் செல்பேசிக்குத் தகவல் போக வேண்டும். அந்தக் கண்காணிப்பு வேறொரு கணினியில் ஓட வேண்டும். ஒரு மாட்யூல் இல்லாமல் நிரல் நின்றுபோன இரவில், விவசாயியின் பத்து மாத உழைப்பைக் காப்பாற்றப்போவது அந்தத் தகவல்தான்.