சித்தப்பாவின் கொக்கி

என் சித்தப்பா புளியமரம், வேப்பமரத்தில் கயிறு போட்டு ஏறி கிளை வெட்டுவார். இடுப்புப் பட்டையையும் கயிற்றையும் இணைப்பது 'காரபைனர்' என்ற உலோகக் கொக்கி. உள்ளங்கை அளவுதான். உயிரே அதில்தான் தொங்குது.

அதன் மேல் 22, 7, 7 என்பது போல எண்கள் பொறித்திருக்கும். கிலோ நியூட்டன் கணக்கு. 1 கிலோ நியூட்டன் என்றால் சுமார் 100 கிலோ எடை. கதவு மூடி, நீளவாக்கில் இழுத்தால் 2,200 கிலோ தாங்கும். கதவு திறந்திருந்தாலோ, கொக்கி குறுக்கே திரும்பிக்கிட்டாலோ 700 கிலோதான்!

"நீங்க 60 கிலோதானே சித்தப்பா, போதாதா?" என்று கேட்டேன். சும்மா தொங்கினால் போதுமாம். கயிறு தொய்வாக இருக்கும்போது விழுந்தால், கயிறு வெடுக்கென்று நிறுத்தும் அந்த நொடியில் இழுப்பு பல மடங்காகிடும். கதவு திறந்திருந்தால் கயிறே நழுவி வெளியே வந்துடலாம்.

கதவுக்குத் திருகுப் பூட்டு உண்டு. ஆனா கிளையிலோ கயிற்றிலோ உரசி உரசி அது தானாகவே கழன்றுக்கும். ஒருநாள் பாதி மரத்தில் சித்தப்பா குனிந்து பார்த்தால் திருகு முழுசா கழன்று கிடந்ததாம்! அன்றிலிருந்து திருகியதும் கதவை விரலால் அழுத்திப் பார்ப்பார். திறக்கக் கூடாது. மேலே போய் இன்னொரு தடவையும் பார்ப்பார்.

தானே பூட்டிக்கொள்ளும் கொக்கியும் இருக்கு. தூக்கி, திருப்பி, அழுத்தினால்தான் திறக்கும். விலை கூடுதல். சித்தி உண்டியலில் சேர்த்துட்டு வர்றாங்க.

– 9ஆம் வகுப்பு மாணவி