பெருங்காயமும் கதீராவும்: பாரசீக வைத்தியத்தில் பிசின்கள்

நம் சாம்பாரில் மணக்கும் பெருங்காயத்துக்குச் சொந்த மண் ஈரானும் ஆப்கானிஸ்தானும்தான். கெர்மான், கொராசான் பகுதிகளின் வறண்ட மலைச்சரிவுகளில் அதைத் தரும் செடி வளர்கிறது. நாலைந்து வயதான செடியை, அது பூப்பதற்கு முன்பே குறிவைப்பார்கள். அடிமண்ணை விலக்கி, வேரின் தலைப்பகுதியைச் சீவினால் பால் கசியும். காற்றுப் பட்டதும் பழுப்பாக இறுகும். சில நாள் கழித்து அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, மறுபடியும் மெல்லியதாக ஒரு சீவல். வேர் வற்றும்வரை வாரக்கணக்கில் இந்த வேலை நடக்கும்.

பிசின் எல்லாம் ஒரே சரக்கு இல்லை. கருவேலம் பிசின் போன்றவை தண்ணீரில் ஊறும், கரையும். குந்திரிக்கம், வெள்ளைப்போளம் போன்றவற்றில் தண்ணீருக்கு மசியாத, வாசனை எண்ணெய் கலந்த பகுதியும் உண்டு. பெருங்காயமும் இந்த இரண்டாவது வகைதான். வேதியியல் வருவதற்கு வெகுகாலம் முன்பே பாரசீக வைத்தியர்கள் இந்த வேறுபாட்டைக் கையாண்டார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. அவர்கள் கணக்கில் ஒவ்வொரு மருந்துக்கும் சூடு, குளிர்ச்சி, ஈரம், வறட்சி என்ற குணங்கள் உண்டு; ஒவ்வொரு குணத்துக்கும் 1 முதல் 4 வரை படிகள். அந்த வைத்தியர்களில் ஒருவரான இப்னு சீனா 1025-இல் முடித்த ‘கானூன்’ நூலின் இரண்டாம் பாகம், தனித்தனிச் சரக்குகளை இந்த முறையில்தான் விவரிக்கிறது. பெருங்காயம் கடும் சூடு. அதனால் வயிற்று உப்புசம், கபக்கட்டு, குடற்புழுவுக்குக் கொடுத்தார்கள்.

கதீரா இதற்கு நேர் எதிர். ஈரானின் மலைகளில் வளரும் முள்புதர் ஒன்றின் வேரையோ தண்டையோ கீறினால் வெள்ளை நாடாவாக வெளிவந்து காய்வது. மணம் இல்லை, ருசியும் இல்லை. ஒரு சிட்டிகையை இரவில் தண்ணீரில் போட்டால் காலையில் கிண்ணம் நிறையக் கூழ். வறட்டு இருமல், தொண்டை எரிச்சல், குடல் புண் ஆகியவற்றுக்கு இந்த வழவழப்பு இதம். அதோடு இன்னொரு நுட்பமான வேலையும் அதற்கு உண்டு: கடுமையான பேதி மருந்து கொடுக்கும்போது, அது குடலை அரிக்காதபடி கதீராவைச் சேர்ப்பார்கள். மருந்தின் கெடுதலைத் தணிக்கும் இத்தகைய துணைச்சரக்குக்கு ‘முஸ்லிஹ்’ என்று பெயர்.

வெள்ளைப்போளம் வாய்ப்புண்ணுக்கு, குந்திரிக்கம் மறதிக்கு என்று பட்டியல் நீளும். இவையெல்லாம் இன்றைய சோதனையில் நிற்கின்றனவா? மஸ்தகி என்ற பிசினை வயிற்றுக் கோளாறுகளுக்குத் தந்தார்கள். வயிற்றுப்புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமியை அது சோதனைக்கூடத்தில் கொல்வதாக 1998-இல் தெரியவந்தது. ஆனால் 2003-இல் சில நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது கிருமி குறையவில்லை. பின்னர் வந்த சிறு ஆய்வு ஒன்றில் ஓரளவு பலன் தெரிந்தது. முடிந்த விஷயம் இல்லை.

வீட்டில் கவனிக்க வேண்டியது ஒன்று. வயிற்றுவலிக்காகப் பெருங்காய மருந்து குடித்த பச்சிளங்குழந்தையின் இரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறன் குறைந்துபோனதை 1984-இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். தொப்புளைச் சுற்றிக் குழைத்துப் பூசுவது வேறு, உள்ளுக்குக் கொடுப்பது வேறு. மாதவிடாயை வரவழைக்கவும் பாரசீக வைத்தியர்கள் இதைக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே கர்ப்பிணிகள் சமையல் அளவைத் தாண்டி இதைத் தொடக் கூடாது.