இரும்புக்கும் காது கொடுங்கள்

மெட்டல் டிடெக்டரோடு பழைய வீட்டு அஸ்திவாரங்களைச் சுற்றித் தேடுபவர்களில் பலர் முதலில் செய்யும் வேலை, கருவியில் இரும்பின் ஒலியை அடக்கிவிடுவதுதான். காசோ வெள்ளியோ கிடைத்தால் போதும். துருப்பிடித்த ஆணி யாருக்கு வேண்டும்? அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், மாண்ட்பீலியர் என்ற இடத்தில், அந்த ஆணியைத்தான் தேடுகிறார்கள்.

அது 4-வது அதிபர் ஜேம்ஸ் மேடிசனின் பண்ணை. அரசியல் சாசனத்தின் தந்தை என்று போற்றப்படும் அவருடைய செங்கல் மாளிகை இன்றும் கம்பீரமாக நிற்கிறது. தலைமுறை தலைமுறையாக அங்கே அடிமைகளாக உழைத்த கறுப்பின மக்களின் குடில்கள் எங்கே? வயல்வேலை செய்தவர்களின் குடில்களுக்கு ஆழமான அஸ்திவாரம் கிடையாது. மரத்தடிகளை மூலைகளில் வெட்டிப் பொருத்தி, இடுக்குகளில் களிமண் அப்பி எழுப்பியவை. மரம் மக்கி மண்ணோடு மண்ணாகிவிட்டது. மிஞ்சியது கொஞ்சம் இரும்பு.

அங்குள்ள தொல்லியலாளர்கள் நல்ல காரியம் ஒன்று செய்தார்கள். பொழுதுபோக்காக டிடெக்டர் பிடித்துத் திரிபவர்களை விரட்டாமல், கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்தார்கள். நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒலி கேட்ட இடங்களைக் குறிக்க வைத்தார்கள். ஆணிகள் ஓரிடத்தில் நெருங்கிக் கிடந்தால், அங்கே வீடு இருந்திருக்கலாம்.

எந்தக் காலத்து வீடு? அதற்கும் ஆணியே சாட்சி. கொல்லர் கையால் அடித்த ஆணி நான்கு பக்கமும் கூம்பும். தலையில் சுத்தியல் பட்ட தழும்பு தெரியும். 1790-களில் தொடங்கி, இயந்திரத்தால் தகட்டிலிருந்து வெட்டிய ஆணிகள் வந்தன. அவற்றில் இரண்டு பக்கம்தான் கூம்பும். இன்றைய உருண்டைக் கம்பி ஆணி 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் பரவலானது. ஆணி ஏராளமாகக் கிடந்தால் பலகை வீடு, அரிதாகக் கிடந்தால் மரத்தடிக் குடில் என்று ஊகிக்கலாம். தீயில் வெந்த ஆணி எளிதில் துருப்பிடிப்பதில்லை என்பதால், எரிந்த வீட்டையும் அடையாளம் காணலாம்.

இத்தனையும் அது கிடந்த இடம் தெரிந்தால்தான். குறிக்காமல் தோண்டிப் பையில் போட்டுக்கொண்ட ஆணி வெறும் பழைய இரும்பு.

மேடிசனின் கடிதங்கள் தொகுதி தொகுதியாக அச்சாகியிருக்கின்றன. அவரிடம் அடிமையாக இருந்த பால் ஜென்னிங்ஸின் நினைவுக் குறிப்புகள் 1865-இல் நூலாக வந்தன. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு வரி எழுதிவைக்கவும் வழியில்லை. அவர்கள் வாழ்ந்த இடத்தைக் காட்ட அந்த ஆணிகளை விட்டால் வேறு ஆதாரம் அரிது. டிடெக்டர் வைத்திருப்பவர்களே, இரும்பின் ஒலியை அடக்காதீர்கள். கேட்ட இடத்தைக் குறித்து, தோண்டுவதற்கு முன் தொல்லியலாளரிடம் சொல்லுங்கள்.